வேர்ட்பிரஸ் பக்கங்களுக்கு என்ஜின்எக்ஸ் கேஷ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் (பிஎச்பி உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி கொடுக்கும் வசதி) போட்டாயிற்று. ஆனால் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பதிலின் ஹெடரில் 'மிஸ்' (கேஷில் இல்லை) என்றே வருகிறது. ஏன்?

முதலில் சோதிக்கும் முறையைப் பாருங்கள். டெர்மினலிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையோடு பெரிய ஐ எழுத்தைச் சேர்த்தால் போவது ஹெட் கோரிக்கை; பக்கம் வேண்டாம், ஹெடர் மட்டும் போதும் என்பது அதன் பொருள். கேஷ் கீயில் (சேமித்த பக்கத்தை அடையாளம் காணும் பெயரில்) கோரிக்கையின் வகையும் இருந்தால், பிரவுசர் வழியாகச் சேமித்த பக்கம் அதற்குக் கிடைக்காது. அதற்காக வகையைக் கீயிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஹெட்டுக்குப் போன வெற்றுப் பதில் சேமிக்கப்பட்டு, வருபவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பக்கம் தெரியும். முழுப் பக்கத்தையும் கேட்கும் கெட் கோரிக்கையாக இரண்டு முறை அனுப்பி, இரண்டாவது பதிலின் ஹெடரைப் படியுங்கள்.

அதிலும் மிஸ் என்றால் இரண்டு தடயங்களைத் தேடுங்கள். ஒன்று, பிரவுசரில் குக்கி வைக்கச் சொல்லும் செட்-குக்கி வரி. மற்றொன்று, காலாவதித் தேதியாக 19 நவம்பர் 1981. அந்தத் தேதி பிஎச்பி செஷன் (வருபவர் ஒவ்வொருவரையும் நினைவில் வைக்கும் முறை) தொடங்கினால் தானாக வருவது. கூடவே 'நோ-ஸ்டோர்' (சேமிக்காதே) என்பதும் வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் என்ஜின்எக்ஸ் அந்தப் பதிலைச் சேமிக்காது. ஏதோ ஒரு பிளக்இன்னோ தீமோ எல்லாப் பக்கத்திலும் செஷனைத் திறக்கிறது. பிளக்இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்று சிக்கிவிடும்.

ஹெடர்களைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ஒரு வரி இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. அதில் செட்-குக்கியும் சேர்ந்திருந்தால் தயவுசெய்து ஒட்டாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளக்இன்) கொண்டு நடத்தும் எங்கள் கடையில் ஒருவரின் பெயரும் முகவரியும் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது!

இந்த நிமிடமே கேஷை நிறுத்தி, கேஷ் கோப்புறையைக் காலி செய்யுங்கள். பிறகு வூகாமர்ஸின் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'டூல்ஸ்' போய் வாடிக்கையாளர் செஷன்களை அழியுங்கள். வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பிலுள்ள சால்ட் கீகளையும் (லாகின் குக்கிகளைப் பாதுகாக்கும் ரகசியச் சரங்கள்) மாற்றுங்கள்; எல்லோரும் லாக்அவுட் ஆவார்கள், பரவாயில்லை. காரணத்தை அதன் பிறகு தேடலாம்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். செட்-குக்கியைப் பொருட்படுத்தாமல் சேமித்தால், முதலில் வந்தவரின் செஷன் எண்ணும் பக்கத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படும். அடுத்து வருபவர்கள் எல்லோரும் அதே எண்ணை வாங்கிக்கொண்டு அவராகவே உள்ளே நுழைவார்கள். இரண்டாவது காரணம் இன்னும் எளிதில் நேர்வது: 'பைபாஸ்' எழுதிவிட்டு 'நோ கேஷ்' எழுத மறப்பது. பைபாஸ் என்பது கேஷிலிருந்து எடுக்காதே என்று மட்டுமே சொல்லும். வந்த பதிலைச் சேமிக்காதே என்று சொல்வது மற்றது. ஒன்று மட்டும் இருந்தால் லாகின் செய்தவரின் பக்கம் சேமிக்கப்பட்டு அடுத்தவர் கைக்குப் போகும். ஒரே மாறியை இரண்டுக்கும் கொடுங்கள்.

அந்த மாறி எப்போது 1 ஆக வேண்டும்? 'வேர்ட்பிரஸ் லாக்டுஇன்', 'கமென்ட் ஆத்தர்', 'வூகாமர்ஸ் ஐட்டம்ஸ் இன் கார்ட்' ஆகிய பெயர்களில் தொடங்கும் குக்கி, கடவுச்சொல் போட்ட பதிவுக்கான குக்கி, வூகாமர்ஸ் செஷன் குக்கி, இவற்றில் எது வந்தாலும். கூடை, பணம் செலுத்தும் பக்கம், கணக்குப் பக்கம், நிர்வாகப் பக்கங்கள் ஆகியவற்றுக்குக் குக்கியே இல்லாவிட்டாலும். கேஷை மறுபடி திறக்குமுன் இரண்டு தனி பிரவுசர்களில் இரண்டு கணக்குகளோடு மாறி மாறிச் சோதியுங்கள். வேகம் நாளைக்கு வரட்டும். இது முதலில் சரியாக வேண்டும்.

ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

செய்தித் தளத்தின் முகப்புக்கு 1 நிமிடம், கட்டுரைகளுக்கு 1 மணி நேரம் என்று தொடங்கலாம். மேல் வரம்பு 10 மணி நேரம். வேர்ட்பிரஸ் படிவங்களில் இருக்கும் நான்ஸ் எண் (படிவம் உண்மையானதா என்று சரிபார்க்கும் குறியீடு) உருவான நேரத்தைப் பொறுத்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் செத்துவிடும். அதைத் தாண்டிய பக்கம் அழகாகத் தெரியும், படிவம் மட்டும் போகாது.

'இன்ஆக்டிவ்' அளவையும் பாருங்கள். அதன் இயல்பு 10 நிமிடம். 1 மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், 10 நிமிடம் யாரும் கேட்காத பக்கம் நீக்கப்பட்டுவிடும்.

கேஷ் காலாவதியாகும் அந்த நொடியில் சிபியு உச்சத்துக்குப் போகிறது.

நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், நூறு பிஎச்பி வேலைகள் ஓடுகின்றன. 'யூஸ் ஸ்டேல்' வரியில் 'அப்டேட்டிங்' சேர்த்து, 'பேக்ரவுண்ட் அப்டேட்'டை ஆன் செய்யுங்கள். பழைய பக்கம் உடனே போகும், புதியது பின்னால் தயாராகும். பழையதே இல்லாத புதுப் பக்கங்களுக்குக் 'கேஷ் லாக்' தேவை; ஒரு கோரிக்கை பக்கத்தைத் தயாரிக்க, மற்றவை காத்திருக்கும். இயல்பில் அது ஆஃபில் இருக்கும்.

விளம்பர லிங்க்கில் வருபவர்களுக்கு மட்டும் தளம் மெதுவாக இருக்கிறது.

ஒவ்வொரு லிங்க்கின் வாலிலும் வேறு வேறு கண்காணிப்பு எண் இருப்பதால் ஒவ்வொன்றும் புதுக் கீயாகிறது. 'மேப்' (ஒரு மாறியைப் பார்த்து இன்னொரு மாறிக்கு மதிப்பு தரும் என்ஜின்எக்ஸ் பகுதி) எழுதி, கேள்விக்குறிக்குப் பின்னால் கண்காணிப்பு அளவுருக்கள் மட்டுமே இருந்தால் வாலை வெட்டிவிடுங்கள். தேடல் அளவுரு போன்றவற்றை வெட்டக் கூடாது. கீயில், வந்த முகவரியை வாலோடு அப்படியே தரும் 'ரிக்வெஸ்ட் யூஆர்ஐ'க்குப் பதில் வெறும் 'யூஆர்ஐ' மாறியைப் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். வேர்ட்பிரஸில் அது உள்ளுக்குள் இன்டெக்ஸ் பிஎச்பி என்று மாறிவிடுவதால், எல்லா முகவரியிலும் ஒரே பக்கம் வந்து நிற்கும்.

ஒரு கட்டுரையைத் திருத்தினேன். அதை மட்டும் எப்படி அழிப்பது?

கேஷ் கோப்பின் பெயர் கீயின் எம்டி5 (உரையிலிருந்து கணக்கிடப்படும் 32 எழுத்துக் குறியீடு). நெறிமுறை, கோரிக்கை வகை, தளப் பெயர், பாதை நான்கையும் இடைவெளியின்றிச் சேர்த்து, முடிவில் புதுவரிக் குறி இல்லாமல் எம்டி5 எடுங்கள். கோப்புறை அடுக்குகளைச் சொல்லும் லெவல்ஸ் 1:2 என்றிருந்தால், அதன் கடைசி எழுத்து முதல் கோப்புறை. அதற்கு முந்தைய இரண்டு எழுத்துகள் உள் கோப்புறை. அங்கிருக்கும் கோப்பை நீக்கினால் போதும். பாதையின் கடைசிச் சாய்கோடும் கணக்கில் உண்டு.

தளத்துக்கு முன்னால் நின்று கோப்புகளைச் சேமித்துத் தரும் கிளவுட்ஃப்ளேர் சேவை இருக்கிறதே, இதெல்லாம் வேண்டுமா?

வேண்டும். அது இயல்பாகப் படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்புகளையே சேமிக்கும், எச்டிஎம்எல் பக்கங்களை அல்ல. அவற்றையும் அங்கே சேமிக்க நினைத்தால் மேலே சொன்ன குக்கி விதிகள் அத்தனையும் அங்கும் வேண்டும். அழிக்கும்போது முதலில் சர்வர் கேஷ், பிறகு கிளவுட்ஃப்ளேர். மாற்றிச் செய்தால் சர்வரில் இருக்கும் பழைய பக்கத்தையே அது மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும்.