கண்ணாடிப் பொட்டில நாத்து போடலாமா?

பாளையங்கோட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணாச்சி, வெளிநாட்டு வீடியோல அடி இல்லாத மரப்பொட்டிய மண்ணுல வச்சு, கண்ணாடிய சாய்ச்சு மூடி, சீசனுக்கு முன்னாடியே நாத்து ரெடி பண்ணுதாங்க. எங்க வீட்டுல பழைய ஜன்னல் கண்ணாடி ரெண்டு கெடக்கு, மொட்டமாடில அப்படி தக்காளி, மிளகா போடலாமா?"

போடலாம்மா, ஆனா மூடிராதீங்க. அதுக்கு கோல்ட் ஃபிரேம்னு பேரு, பகல்ல மண்ணு வாங்குன சூட்ட ராத்திரி வெளிய விடாம பிடிச்சு வச்சு நாத்த உறைபனிலருந்து காப்பாத்தும், அவங்களே வெயில் ஏறுனா மூடிய தூக்கி வச்சிருவாங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு சரி. நமக்கு மார்கழி ராத்திரியே பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலதான, இங்க எந்த குளிர்கிட்டருந்து காப்பாத்தப் போறோம்? நானும் ஒரு பங்குனில ஆசப்பட்டு செஞ்சு பாத்தவன்தான், மதியம் கண்ணாடிய தூக்குனா இட்லி கொப்பரைய திறந்த மாதிரி ஆவி அடிக்கி, உள்ள கத்திரி நாத்து பூரா கீரை மசியலு.

நம்மூர்ல முந்துறதுன்னா வெயிலுக்கு முந்துறதுதான். ராத்திரியும் சூடு கூடிட்டுன்னா தக்காளி பூவ உதுத்துரும், அதனால மாசில காய் பறிக்க ஆரம்பிச்சிரணும், அதுக்கு கார்த்திகைல நடணும், அப்போ ஐப்பசி அடமழைல நாத்து வளரணும். மழைதான் இங்க எதிரி. ஈரம் கூடிட்டுன்னா நாத்தழுகல் வரும், காலைல நல்லா நிக்குற செடி சாயந்தரம் கழுத்து நூலா சுருங்கி மண்ணுல படுத்துக் கெடக்கும்.

அதனால உங்க கண்ணாடிய கூரையாக்கிருங்க. நாலு மூலைலயும் ஹாலோ பிளாக் அடுக்கி ரெண்டு அடி ஒசரத்துல, தண்ணி வழியுற மாதிரி ஒரு பக்கம் சாய்ச்சு, காத்துக்கு பறக்காம கம்பி போட்டு கட்டிருங்க. நாலு பக்கமும் காத்து ஓடணும். வெயில் அடிக்கிற நாளு மேல 50 சதவீத நிழல்வலைய விரிங்க.

குழித்தட்டுல தென்னைநார் கழிவோட மண்புழு உரம் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்துல விதைங்க. முந்தின நாளே விதைல டிரைக்கோடெர்மா விரிடி (நாத்தழுகல தடுக்குற நன்மை பூஞ்சைப் பொடி) புரட்டி வச்சிருங்க, கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, உங்க பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். தட்ட செங்கல் மேல தூக்கி வைங்க, இல்லைன்னா அடில தண்ணி தேங்கும். முளைக்கிற வரைக்கும் பாலித்தீன் ஷீட் மூடலாம், ஆனா ஒண்ணு ரெண்டு முளை தலைய நீட்டுன அன்னைக்கே எடுத்திரணும், ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் வெளிச்சத்த தேடி ஒல்லியா நீண்டுரும், பெறகு அது தேறாது.

தக்காளிக்கு 25 நாள் போதும், மிளகாய்க்கு 40 நாள் வரைக்கும் ஆகும், அதனால மிளகாய ரெண்டு வாரம் முன்னாடி போடுங்க. நடுததுக்கு முந்தின வாரம் தண்ணிய கொறச்சு, வலைய எடுத்து வெயிலுக்கு பழக்குங்க. தண்ணி காலைல மட்டும், பூவாளிலதான் ஊத்தணும், ஹோஸ் பைப்ப அந்தப் பக்கமே கொண்டு போயிராதீங்க.