டிக்கெட்டுக்கு முன்னால் நன்கொடை

வணக்கம்.

நான் சிகாகோவில் இருக்கிறேன். படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டத்துக்கு வருடம் ஒருமுறை குடும்பத்தோடு போவோம். இந்த முறை அங்கிருந்து ஒரு பையன் போன் செய்தான். போன வருடம் எந்த ஆட்டத்துக்கு எத்தனை டிக்கெட் வாங்கினேன் என்பதுவரை சொன்னான். சீசன் டிக்கெட் விலை கேட்டேன். நல்ல இருக்கை வேண்டுமென்றால் முதலில் நன்கொடை, அப்புறம்தான் டிக்கெட் காசு என்கிறான். கல்வி நிலையம் இப்படி வியாபாரம் செய்யலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள். போன வருடம் வந்தவரை இந்த வருடமும் வரவழைப்பதுதான் அவன் வேலை. ஒரு ஆட்டம் பார்த்தவரை மூன்று ஆட்டத்துக்கும், மூன்று பார்த்தவரை முழு சீசனுக்கும் இழுக்கவேண்டும்.

நன்கொடை பழைய ஏற்பாடு. அப்படிக் கொடுக்கும் தொகையில் 80 சதவீதத்துக்கு 2017 வரை வருமான வரிக் கழிவு இருந்தது. 2018இல் கழிவு போய்விட்டது, நன்கொடை கேட்பது மட்டும் போகவில்லை. இப்போது செலவும் ஏறியிருக்கிறது. 2025-26இல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை தரலாம். டென்னசி பல்கலைக்கழகம் 2025 ஃபுட்பால் டிக்கெட்டில் வீரர்களின் பெயரைச் சொல்லியே 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அடிபட்டு விளையாடுகிறவனுக்குக் காசு போகட்டும்.

என் ஆதங்கம் மாணவர்களைப் பற்றியது. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆன் ஆர்பரில் 1,07,601 இருக்கைகள் உள்ள மைதானம். மாணவர்கள் தாமதமாக வருகிறார்கள், சில பேர் வருவதே இல்லை என்று 2013இல் அவர்களுடைய இருக்கை முறையை மாற்றினார்கள். எத்தனையாவது வருடம் படிக்கிறாய் என்பதற்கு மதிப்பில்லை, முதலில் வருகிறவனுக்கு முன்வரிசை. மூன்று வருடம் பின்னால் உட்கார்ந்து, கடைசி வருடமாவது முன்னால் போகலாம் என்று காத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2014இல் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலர். விற்பனை சரிந்தது. அந்த செப்டம்பரில் இரண்டு கோக் வாங்கினால் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தோடு மோதும் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று ஒரு சலுகை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். முழு விலை கொடுத்தவன் கையில் இருக்கும் டிக்கெட்டுக்கு அதன்பின் என்ன மரியாதை? அக்டோபர் 31 அன்று விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார். அடுத்த சீசனுக்கு மாணவர் விலை 175 டாலருக்கு இறங்கியது.

மாணவர் டிக்கெட்டில் வரும் பணத்தை வரவாகப் பார்ப்பதே தப்பு என்று நினைக்கிறேன். நீங்கள் இத்தனை வருடம் கழித்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது எதனால்? இருபது வயதில் நண்பர்களோடு நின்று கத்திய ஞாபகம்தானே. அது இல்லாதவனுக்கு அந்தப் பையன் எத்தனை போன் செய்தாலும் பயனில்லை.

இதைப் புரிந்து செய்தவர்களும் உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் இருபது லட்சம். 2023 ஆகஸ்ட் 30 அன்று அங்கே லிங்கன் நகரில் உள்ள பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தில், திறந்தவெளியில், பெண்கள் வாலிபால் ஆட்டம் வைத்தார்கள். பெரியவர்களுக்கு 25 டாலர். பள்ளிப் பிள்ளைகளுக்கு 5 டாலர். வந்தவர்கள் 92,003 பேர். ஒரு தகப்பன் இரண்டு பெண் பிள்ளைகளோடு 35 டாலரில் உள்ளே போய்விடலாம். அந்தப் பிள்ளைகள் நாளைக்குத் தாங்களாகவே டிக்கெட் கேட்டு வருவார்கள்.

நன்கொடை கொடுக்க மனம் ஒப்பவில்லையா, கொடுக்காதீர்கள். மேல் வரிசையில் நான்கு டிக்கெட் எடுங்கள். போகும்போது அங்கே பெண்கள் வாலிபால் ஆட்டம் எப்போது என்று விசாரியுங்கள். அதற்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.