வாஷிங்டன் பக்கம் வரும்போது சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹையோ) என்ற பழைய படகுக் கால்வாயைப் பார்க்கலாமா? எங்கிருந்து நடக்கத் தொடங்குவது?

தாராளமாகப் பார்க்கலாம். தண்ணீர் ததும்ப ஓடும் கால்வாயை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பல இடங்களில் கால்வாய்க்குள் மரமே வளர்ந்து நிற்கிறது. நான் போவதெல்லாம் கரைப்பாதைக்காகவும், படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய லாக்குகளுக்காகவும்தான்.

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கும் பாதை, பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே மேரிலாந்தின் கம்பர்லாந்து நகர் வரை 297 கிலோமீட்டர் போகிறது. அன்று கோவேறு கழுதைகள் இந்தக் கரையில் நடந்து, நீண்ட கயிற்றால் நிலக்கரிப் படகுகளை இழுத்தன. ஒரு ஜோடி இழுக்கும்போது இன்னொரு ஜோடி படகின் முன்பக்கத்து லாயத்தில் ஓய்வெடுக்கும். படகோட்டியின் குடும்பமும் பெரும்பாலும் படகிலேயே குடியிருக்கும். கழுதைகளை ஓட்டிக்கொண்டு நடப்பது பல நேரம் பிள்ளைகள் வேலை.

ஜார்ஜ்டவுனில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் முதலில் கிரேட் ஃபால்ஸ் அருவிக்குப் போங்கள், அதுவும் மேரிலாந்து பக்கம். ஆற்றுக்கு அக்கரையில் வர்ஜீனியாவிலும் அதே பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, அங்கே ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. ஜிபிஎஸ்ஸில் பார்த்துப் போடுங்கள்.

அங்கே ஒரு லாக்கின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கல் சுவர், இரண்டு முனையிலும் மரக்கதவுகள். மூடிய கதவுகள் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து முக்கோணமாக முட்டி நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகும். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி மேலிருந்து தண்ணீர் விட்டால், சுமார் எட்டு அடி உயர்ந்துவிடும். இப்படி 74 லாக்குகள் சேர்ந்து படகை 605 அடி ஏற்றின. லாக்குகளுக்கு இடையில் கரைப்பாதை கிட்டத்தட்ட சமதளம்தான், மூச்சு வாங்காது. சில லாக்குகளின் கல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கும். எல்லாம் கயிறு உரசி உரசி விழுந்தவை. எனக்கு அருவியை விட இதுதான் பிடித்தது.

கால்வாயின் விதியையும் சொல்லிவிடுகிறேன். 1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோரில் பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஒஹையோ) ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டது, கால்வாய் 1850இல்தான். ஒஹையோ ஆறு வரை போகும் திட்டம் அத்தோடு சரி.

1950களில் இதன் மேல் சாலை போடும் யோசனை வந்தது. அதை ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்களை, 'என்னோடு நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று அழைத்தார் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். 1954 மார்ச்சில் நடந்தும் காட்டினார். 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இன்னொரு நாள் கிடைத்தால் பா பா சுரங்கம். கால்வாய்க்காக மலையைக் குடைந்தது, நீளம் 3,118 அடி. எதிரெதிரே இரண்டு படகுகள் போக முடியாத அகலம். பின்வாங்க மாட்டேன் என்று இரண்டு படகோட்டிகள் நாள்கணக்கில் மல்லுக்கு நின்றதாகவும், கடைசியில் புகை போட்டு வெளியேற்றியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். நம்புவது உங்கள் இஷ்டம். உள்ளே விளக்கு கிடையாது, பாதையும் குறுகல், டார்ச் கட்டாயம் வேண்டும். போன் வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள்.

சைக்கிளில் போவதாக இருந்தால் அகலமான டயர் நல்லது. பாதை மண்ணும் பொடிக்கல்லும்தான். மழை பெய்த மறுநாள் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.