அலையஸ் சேர்த்த பிறகும் பழைய சர்வர்தான் திறக்கிறதா?

கேள்வி: பழைய விண்டோஸ் கோப்பு சர்வரிலிருந்து அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஃப்எஸ்எக்ஸுக்கு மாறுகிறோம். ஊழியர்களின் கணினிகளில் டிரைவ் பழைய பெயரிலேயே திறக்க வேண்டும் என்பதற்காக, டெராஃபார்ம் (உள்கட்டமைப்பை நிரலாக எழுதும் கருவி) நிரலில் அந்தப் பெயரை டிஎன்எஸ் அலையஸாக, அதாவது மாற்றுப்பெயராகக் கொடுத்தேன். 'அவெய்லபிள்' என்று காட்டுகிறது. ஆனாலும் கணினிகள் பழைய சர்வருக்கே போகின்றன. ஏன்?

பதில்: உங்கள் நிரல் சரிதான், ஆனால் வேலையில் ஒரு பங்கைத்தான் அது செய்கிறது. இந்தப் பெயரைச் சொல்லி வருபவரை ஏற்றுக்கொள் என்று கோப்பு அமைப்புக்குச் சொல்வதோடு அலையஸின் கடமை முடிந்தது. அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் காட்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை அமேசான் உருவாக்கித் தராது. பயனர், கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியையும் தொடாது. இரண்டும் உங்கள் பொறுப்பு.

பலரும் சறுக்குவது ஆக்டிவ் டைரக்டரியில்தான். பழைய சர்வரின் கணினிக் கணக்கில் அந்தப் பெயருக்கான எஸ்பிஎன் (ஒரு சேவைப் பெயர் எந்தக் கணக்குக்குச் சொந்தம் என்று காட்டும் பதிவு) இன்னும் இருக்கும். அதை நீக்காவிட்டால், கெர்பரோஸ் டிக்கெட் (டொமைனில் பயனரை அடையாளம் காட்டும் சீட்டு) பழைய சர்வரின் சாவியால் பூட்டப்பட்டு வரும். எஃப்எஸ்எக்ஸால் அதைத் திறக்க முடியாது. எங்குமே எஸ்பிஎன் இல்லையென்றால் இணைப்பு ஓசையில்லாமல் என்டிஎல்எம் என்ற பழைய, பாதுகாப்புக் குறைந்த அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு இறங்கிவிடும். டிரைவ் திறப்பதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பாதுகாப்புத் தணிக்கையில்தான் தெரியவரும். எனவே 'செட்எஸ்பிஎன்' கருவியால் பழைய கணக்கிலிருந்து நீக்கி, எஃப்எஸ்எக்ஸின் கணினிக் கணக்கில் 'ஹோஸ்ட்' வகையில் குறும்பெயர், முழுப்பெயர் இரண்டையும் சேருங்கள். டெராஃபார்மின் அமேசான் தொகுதி இதைச் செய்யாது. டொமைனில் இணைந்த கணினியிலிருந்து ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓட்டினால் போதும்.

அடுத்து டிஎன்எஸ். அதே பெயரில் பழைய ஏ பதிவு (பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) இருக்கும்வரை சிநேம் பதிவு (பெயரை வேறொரு பெயருக்குச் சுட்டுவது) சேராது. முதலில் அதை அழியுங்கள். பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருந்தால் தன் ஏ பதிவைத் தானே மறுபடியும் எழுதிவிடும். அதை அணைத்துவிடுங்கள், அல்லது பெயரை மாற்றிவிடுங்கள். சிநேம், எஃப்எஸ்எக்ஸின் இயல்பான டிஎன்எஸ் பெயரையே சுட்ட வேண்டும். ஐபி முகவரியை எழுதிவைத்தால், அமேசானின் இரண்டு தரவு மைய மண்டலங்களில் இயங்கும் அமைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நாளில் டிரைவ் அறுந்துபோகும்.

அலையஸை முன்கூட்டியே சேர்ப்பதால் கெடுதல் இல்லை. எஸ்பிஎன், சிநேம் இரண்டையும் மட்டும் மாற்றத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் சேர்த்தே செய்யுங்கள்.

டெராஃபார்முக்குப் பதில் பைத்தானில் எழுதுவோருக்கு: அலையஸ் சேர்க்கும் அழைப்பு உடனே திரும்பிவிடும், வேலை பின்னணியில் நடக்கும். நிலை 'கிரியேட்டிங்' என்பதிலிருந்து 'அவெய்லபிள்' ஆகும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள். 'கிரியேட் ஃபெயில்டு' வந்தால் நிரல் நிற்கட்டும். பெயரை டொமைனோடு முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஒரு கோப்பு அமைப்புக்கு 50 அலையஸ் வரை சேர்க்கலாம்.

கடைசியில் ஒரு ஊழியரின் கணினியில் டிஎன்எஸ் நினைவகத்தையும் பழைய டிக்கெட்டுகளையும் அழித்துவிட்டு, டிரைவைத் திறந்து, டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் 'கேலிஸ்ட்' கட்டளை கொடுங்கள். உங்கள் அலையஸ் பெயரில் 'சிஃப்ஸ்' (கோப்புப் பகிர்வுக்கான) டிக்கெட் தென்பட்டால் கெர்பரோஸ் வேலை செய்கிறது. குரூப் பாலிசியில் என்டிஎல்எம்மைத் தடுப்பது அதற்குப் பிறகுதான்.