மன்றங்களும் வாட்ஸப் குழுக்களும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் சாகுபடி செய்பவன். முன்பு வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் யாஹூவின் மின்னஞ்சல் குழுமங்களிலும் சில தமிழ் இணைய மன்றங்களிலும் தவறாமல் எழுதி வந்தேன். ஒரு கல்வெட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் பல நாடுகளிலிருந்து பதில் வந்துவிடும். ஊர் திரும்பியபின் விவசாயிகளின் வாட்ஸப் குழுக்கள் பலவற்றில் இருக்கிறேன். அவற்றில் நல்ல அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் சம்பா நெல்லில் புகையான் பூச்சி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கப்படுகிறது. சென்ற ஆண்டு சொல்லப்பட்ட நல்ல பதிலைத் தேடினால் கிடைப்பதில்லை. என் மகனோ, மன்றங்கள் அழிந்தது இயல்புதான், மக்கள் வசதியானதைத் தேர்ந்துகொண்டார்கள், உங்களுக்கு இருப்பது பழைய நாட்களின் ஏக்கம் என்கிறான். அவன் சொல்வது சரியா? எங்கள் பகுதிக்கென ஒரு மன்றத்தைத் தொடங்கலாமா? பழைய குழும மடல்கள் ஏராளமாக என் மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

தங்கள் வாசகர்,
மன்னார்குடி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மக்கள் வசதியானதைத் தேர்ந்துகொண்டார்கள் என்று உங்கள் மகன் சொல்வது நகரத்துக்குப் பொருந்தும். நம் பகுதிக்கு அது பொருந்தாது. நம் கிராமங்களில் பெரும்பாலோர் மன்றத்தை விட்டு வாட்ஸப்புக்கு வந்தவர்கள் அல்லர். அவர்கள் மன்றத்தைப் பார்த்ததே இல்லை. யாஹூ குழுமங்கள் செழித்திருந்த 2001-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட காலத்தில் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்த ஒருவர் இணையத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும். மரத்தடி, ராயர் காப்பி கிளப், பொன்னியின் செல்வன் என்று நாம் அன்போடு நினைவுகூரும் குழுமங்களில் எழுதியவர்களில் மிகுதியானோர் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பெருநகரங்களிலும் கணினி முன் வேலை பார்த்தவர்கள். நீங்களே அப்படி ஒருவராகத்தான் அங்கே போனீர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக நாற்றங்கால் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகுதான் அந்தப் பெரியவர் உள்ளே வந்தார். அவருக்கு இணையம் என்றால் கைபேசி, கைபேசி என்றால் வாட்ஸப். தட்டச்சு தெரியாவிட்டால் என்ன, குரல் பதிவு இருக்கிறதே என்று பேசத் தொடங்கினார். இதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடமாட்டேன். தமிழ் இணையத்தின் வரலாற்றில் இதற்கு ஈடான திறப்பு வேறொன்று நிகழவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் மின்சாரமும் சாலையும் அறுந்து கிடந்த நாட்களில், எந்த ஊருக்கு எது தேவை என்பது இந்தக் குழுக்கள் வழியாகத்தான் பெருமளவில் வெளியே தெரிந்தது. மன்றத்தால் அந்த வேகத்தைத் தந்திருக்க முடியாது.

எனக்கு வருத்தம் தருவது வேறு. பேசுவதற்கு உண்மையான அனுபவம் உள்ளவர்கள் பேச வந்த அதே வேளையில்தான், பேசியதைச் சேர்த்துவைக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஓர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ குழுமங்களின் பழைய மடல்களையும் கோப்புகளையும் அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சில மாதங்களில் அழித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே முடித்துக்கொண்டார்கள். நினைவாற்றல் உள்ள இணையத்தில் விவசாயி இல்லை. விவசாயி வந்து சேர்ந்த இணையத்திலோ நினைவாற்றல் இல்லை. நீங்கள் ஏக்கம் என்று நினைத்துக் கூச்சப்படுவது உண்மையில் இந்தப் பொருத்தமின்மையைப் பற்றிய சரியான கவலை என்று நான் கருதுகிறேன்.

நீங்கள் சொன்ன புகையானையே எடுத்துக்கொள்வோம். தூர்களின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலில் வட்டவட்டமாகத் தீய்ந்ததுபோல் ஆக்கிவிடும் பூச்சி அது. தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போடுவதும், நெருக்கமாக நடுவதும், வயலில் விடாமல் தண்ணீர் கட்டுவதும் அதை வளர்க்கும். தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சுவதும், எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவதும் அதைக் குறைக்கும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகிவிடும் என்பது வேளாண் அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. இனி உங்கள் குழுவில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஒருவர் மருந்தின் பெயரைக் குரல் பதிவில் சொல்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர், அந்த மருந்து வேண்டாம், அது பூச்சியைப் பெருக்கும் என்கிறார். முதல் பதிவு அதற்குள் மூன்று குழுக்களுக்கு முன்னனுப்பப்பட்டிருக்கும். திருத்தம் அதோடு போகாது. ஒரு மன்றத்தில் தவறான பதிலுக்குக் கீழேயே திருத்தம் நிற்கும். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடி வருபவர் இரண்டையும் சேர்த்தே படிப்பார். யார் சொன்னார், எந்த மாதத்தில் சொன்னார், அவருக்கு யார் மறுப்புச் சொன்னார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். மன்றத்தின் பெரிய கொடை இந்தத் திருத்தம்தான் என்பது என் எண்ணம். அங்கே வளர்ந்த நட்புகள்கூட இதற்கு அடுத்தபடிதான்.

இந்தத் திருத்தம் இன்று காணாமற்போனதற்குக் காரணம் மனிதர்களின் குணம் மாறிப்போனது அல்ல, அமைப்பு மாறியது. மன்றத்தில் பேச்சு தலைப்பின்கீழ் அடுக்கப்படும்; யாராவது ஒரு பதில் எழுதினால் ஐந்து ஆண்டுக்கு முந்தைய இழைகூடப் பட்டியலின் மேலே வந்துவிடும்; அதில் முதலில் எழுதியவர் திரும்பவந்து, அந்த ஆண்டு விளைச்சல் இப்படி முடிந்தது என்று சொல்லுவார். தேடுபொறிகளும் அந்தப் பக்கங்களைப் படித்து வைத்திருக்கும் என்பதால் உறுப்பினர் அல்லாதவரும் வந்து பயன்பெற முடியும். ஃபேஸ்புக் எதை மேலே காட்டுவது என்பதைத் தன் கணக்குப்படி தீர்மானிக்கிறது. நாம் அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதுதான் அதன் வருமானம் என்பதால், நேற்று எழுதியதைவிட இன்று எழுதியதற்கே அங்கே மதிப்பு. வாட்ஸப் குழுவோ நான்கு சுவருக்குள் நடக்கும் பேச்சு. அதைத் தேடுபொறி காணாது. பின்னால் வந்து சேர்பவருக்கு முன்னர் பேசியவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. குரல் பதிவுக்குள் இருக்கும் சொல்லை எழுத்தால் தேடிப் பிடிப்பதும் எளிதல்ல.

மன்றங்களின் அழிவுக்குச் சமூக ஊடகங்களை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. மன்றங்களை அமைக்க உதவும் பிஹெச்பிபிபி போன்ற மென்பொருள்கள் இலவசம் என்றாலும், அவற்றை இணையத்தில் நடத்துவதற்கான இட வாடகையை மாதந்தோறும் யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். விளம்பரக் குப்பையைக் கொட்டும் தானியங்கிகளைத் துரத்துவது, மென்பொருளைப் புதுப்பிப்பது, உறுப்பினர்களுக்குள் மூளும் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் தலையிலேயே விழுந்தன. அவருக்கு வேலை மாறினால், உடல்நலம் குன்றினால், தளத்தின் பெயர்ப் பதிவைப் புதுப்பிக்க மறந்தால், அத்தனை பேர் எழுதியதும் ஒரே நாளில் காணாமற்போகும். தமிழுக்கென்று கூடுதலாக ஓர் இடர் இருந்தது: தொடக்க கால எழுத்துகள் ரோமன் எழுத்திலும் திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களிலும், அதாவது கணினி தமிழ் எழுத்தைச் சேமிக்கும் முறைகளிலும், இருந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறை நிலைபெற்றபின் அவற்றை மாற்றாமல் விட்ட இடங்களில், பக்கம் திறந்தாலும் எழுத்து படிக்க முடியாத கோலமாகவே தெரிந்தது. குழு அரசியல், பேச்சை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களின் அதிகாரம், புதியவரை மதிக்காத பழைய உறுப்பினர்கள் ஆகிய குறைகளும் இருந்தன. அவை இன்றைய குழுக்களிலும் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாஹூ நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் திருமழபாடிதான் என் மனத்தில் வரும். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் அந்த வைத்தியநாதசுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, பிரிப்பதற்கு முன் அதன் சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, அவன் மகன் இராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அவை புதிய சுவரில் மறுபடியும் வெட்டப்பட்டன. யார் எந்த விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார், எந்த நிலத்தின் வருவாய் எதற்கு என்பன போன்ற சிறிய செய்திகளுக்காக ஓர் அரசு இவ்வளவு மெனக்கெட்டது; ஏனென்றால் அந்தச் சிறிய செய்திகளை நம்பித்தான் கோயிலும் ஊரும் நடந்தன. கட்டடத்தை இடிக்கிறவருக்கு அதில் எழுதப்பட்டிருப்பவற்றைக் காக்கும் கடமை உண்டு என்ற எண்ணம் நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. யாஹூ அந்தக் கடமையை ஏற்கவில்லை. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் இயன்ற அளவு படியெடுத்ததே தவிர, பல மொழிக் குழுமங்களும் போனது போனதுதான்.

ஆகவே உங்கள் பெட்டியில் கிடக்கும் மடல்கள் எளிய பொருள் அல்ல. யாஹூ குழும மடல்கள் உறுப்பினர்களின் அஞ்சலுக்கே நேரடியாக வந்துகொண்டிருந்ததால், தளத்தில் அழிந்தவை உங்களைப் போன்றவர்களின் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. முதலில் அவற்றை முழுவதுமாகத் தரவிறக்கி, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாக வையுங்கள். அடுத்து, படிக்க முடியாதவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் இட்டு யுனிகோடாக்குங்கள். வெளியிடும் எண்ணமிருந்தால், எழுதியவர்களின் ஒப்புதலைக் கேளுங்கள். மின்னஞ்சல் முகவரிகளையும் குடும்பச் செய்திகளையும் நீக்கிவிடுங்கள். குழுமத்துக்குள் எழுதியவர் ஊரறியச் சொல்ல நினைத்திருக்கமாட்டார். பொன்னியின் செல்வன் குழுமத்தின் உறுப்பினர்கள் சிலர் 2004-இல் வரலாறு.காம் மின்னிதழைத் தொடங்கினார்கள். அங்கே பேச்சாக இருந்தது இங்கே கட்டுரைகளாக நின்றது. நல்ல குழுமப் பேச்சு எதுவரை வளர முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

புதிய மன்றம் ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. மன்றம் என்னும் வடிவம் செத்துவிடவில்லை; ஈழத்தமிழர்களின் யாழ் களம் இன்றும் நடக்கிறது; கார் ஆர்வலர்களுக்கான டீம்-பிஹெச்பி 2004 முதல் கறாரான மட்டுறுத்தலோடு நிலைத்திருக்கிறது; தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில் பழைய மன்றத்தின் ஒழுங்கை இன்றும் காணலாம். ஆனால் குரல் பதிவில் பேசிப் பழகிய பெரியவரிடம், கடவுச்சொல் உருவாக்கி, தலைப்புக் கொடுத்து எழுதுங்கள் என்றால் அவர் வரமாட்டார். அவர் இல்லாத மன்றத்தில் மறுபடியும் நீங்களும் நானும் மட்டும்தான் இருப்போம். அவர் எங்கே பேசுகிறாரோ அங்கேயே பேசட்டும். பேச்சிலிருந்து பொறுக்கி எழுதும் வேலையை நாம் செய்வோம்.

நீங்கள் இருக்கும் குழுக்களில் எது நன்றாக நடக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவராலேயே ஆகாது, பொறுமையுள்ள இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் தமிழ்க் குரல் தட்டச்சு இருப்பதால் எழுதும் சுமை பெரிதல்ல. ஆனால் ரகப் பெயரையும் மருந்தின் பெயரையும் அது தவறாக எழுதிவிடும், அவற்றைக் கட்டாயம் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கேள்வியை எழுதுங்கள், சொல்லப்பட்ட பதில்களை, ஒன்றுக்கொன்று முரணானவை உட்பட, எழுதுங்கள், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும், சம்மதிக்காவிட்டால் மண்ணின் தன்மையையும் ரகத்தையும் மட்டும் குறியுங்கள். களர் நிலத்தில் ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா போட்டுக் கண்டது, வண்டலில் ஆடுதுறை 43 போடுபவருக்குப் பொருந்தாது; இந்த விவரம் இல்லாத அறிவுரை ஆளையே கெடுக்கும். மருந்து பற்றிய ஒவ்வொரு வரியையும் வெளியிடுமுன் வேளாண்மை அலுவலகத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு தேடுபொறி எட்டக்கூடிய திறந்த பக்கமொன்றில் ஏற்றி, அதன் இணைப்பைக் குழுவிலேயே போடுங்கள். அடுத்த பருவத்தில் அதே கேள்வி வரும்போது அந்த இணைப்பைக் கொடுங்கள். அதைப் படித்தவர் தம் வயலில் கண்டதைச் சொல்லும்போது அதையும் கீழே சேருங்கள்.

இதில் நீங்கள் தயங்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. குழுவில் பேசுகிறவர்கள், எங்கள் அனுபவத்தை எடுத்து இவர் பெயர் வாங்குகிறார் என்று நினைக்கக்கூடும். அதனால் முதல் தொகுப்பை வெளியிடுமுன் குழுவிலேயே போட்டு, திருத்தம் கேட்டு, யாராவது தம் பதிலை எடுக்கச் சொன்னால் மறுபேச்சின்றி எடுத்துவிடுங்கள். சம்பா நடவுக்கு முன் இதைத் தொடங்கினால் அறுவடைக்குள் ஒரு பருவத்தின் பேச்சு முழுவதும் கையில் இருக்கும். படியெடுத்ததைப் படித்துப் பிழை திருத்த இன்னொரு கண் வேண்டுமானால் எனக்கு அனுப்புங்கள், செய்து தருகிறேன்.

அன்புடன்,
கும்பகோணம்