முதலில் மென்பொருள், அப்புறம் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, வீட்டுக் கம்ப்யூட்டரை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றுவது பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் லேப்டாப் பழையது, ஆனால் நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் 11 போடப் போனால் "இந்தக் கணினிக்குப் பொருந்தாது" என்கிறது. புதிது வாங்க வேண்டுமா, லினக்ஸ் போட்டால் போதுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரைக் கேட்கிறது, அந்தப் பட்டியலில் உங்களுடையது இல்லை, அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளை இதற்காகத் தூக்கிப் போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

விண்டோஸ் 10 நாளைக்கே நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகும், இணையத்தில் இருக்கும் கணினிக்கு அதுதான் ஆபத்து. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அந்தத் திருத்தங்களைப் பெற வழி வைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் மாறுவதற்கான கால அவகாசமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போட்டவுடன் பழைய கணினி பறக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 4 ஜிபி ரேமில் பிரவுசரைத் திறந்து பதினைந்து டேப் வைத்தால் எந்த இயங்குதளமும் திணறத்தான் செய்யும், ஏனென்றால் நினைவகத்தைத் தின்பது பிரவுசர். உங்கள் லேப்டாப்பில் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் அதில்தான் தெரியும்.

கேள்வி: சரி, மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். பென் டிரைவ் தயாராக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பென் டிரைவை இப்போதைக்கு மேசை டிராயரில் வையுங்கள். விண்டோஸிலேயே இருந்துகொண்டு முதலில் மென்பொருட்களை மாற்றுங்கள். கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், படம் பார்க்க விஎல்சி, புகைப்படம் திருத்த கிம்ப், இவை எல்லாமே விண்டோஸிலும் ஓடும். ஒரு மாதம் இவற்றை மட்டுமே வைத்து உங்கள் அன்றாட வேலையைச் செய்து பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லினக்ஸ் போட்டுவிட்டு சீக்கிரமே விண்டோஸுக்குத் திரும்பி வந்தவர்களில் நான் பார்த்த பலரும் லினக்ஸ் பிடிக்காமல் திரும்பவில்லை. எழுதும் மென்பொருள், அஞ்சல், படம் திருத்துவது, மெனு இருக்கும் இடம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டதால், ஒரு சின்ன பில்லை அச்சடிக்கவும் தடுமாறி, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். மென்பொருட்களை முன்கூட்டியே பழகிக்கொண்டால் மாறுகிற நாளில் புதிதாகத் தெரிய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். தினமும் திறப்பவை ஏற்கெனவே கைக்குப் பழகியவையாக இருக்கும்.

இன்னொரு லாபம், எதை விட முடியாது என்பது டிஸ்க்கை அழிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த ஒரு மாதத்தில் எதற்காக எல்லாம் பழைய மென்பொருளைத் திறக்க வேண்டி வந்ததோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போட்டோஷாப்பில் தொழில் செய்கிறவர், விண்டோஸுக்கு மட்டுமே வரும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மாறாமலே இருக்கலாம். அதில் தவறே இல்லை.

கேள்வி: அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு, எக்செல் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் கலைந்துபோகும் என்கிறார்களே?

பதில்: திறக்கும். கலைவதற்குப் பாதிக் காரணம் எழுத்துருதான். கோப்பை அனுப்பியவர் கேலிப்ரி, கேம்ப்ரியா எழுத்துருக்களில் தட்டியிருப்பார், லினக்ஸில் அவை இருக்காது, உடனே வேறொன்று அங்கே வந்து உட்காரும், அதன் எழுத்துகள் அகலமாக இருந்தால் வரி உடைந்து, பக்கம் நீண்டு, அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். இதற்கென்றே கார்லிட்டோ, கலேடியா என்று இரண்டு இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்தின் அகலமும் கேலிப்ரி, கேம்ப்ரியாவோடு பொருந்துகிற மாதிரி வடிவமைத்தவை. உங்கள் கணினியில் அவை இல்லையென்றால் போட்டுவிடுங்கள், பெரும்பாலான கடிதங்கள் ஒழுங்காக நிற்கும்.

எக்செல் மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதிவைத்துத் தானாக வேலை செய்யும் நிரல்கள், வேறு கதை. சின்ன மேக்ரோக்கள் ஓடலாம், பெரியவற்றை நம்ப முடியாது. உங்கள் வேலையே மேக்ரோ நிறைந்த கோப்புகளில்தான் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பார்க்க மட்டும் அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டால் வம்பே இல்லை.

கேள்வி: உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட்... பெயர்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது. எது?

பதில்: இவையெல்லாம் லினக்ஸை வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தருபவை. நீங்கள் லினக்ஸ் மின்ட்டை எடுங்கள். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் சின்னமன் என்ற திரை அமைப்பு அந்நியமாகத் தெரியாது, கணினி ரொம்பப் பழையது என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அதே கெர்னல் என்ற மைய நிரல்தான். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை திருத்தங்கள் வரும். ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தால் மாதக்கணக்கில் போகும், அது வேண்டாம்.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் ஓட்டிப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், கட்டாயம் செய்ய வேண்டியதும் அதுதான். இப்போது டிராயரிலிருந்து பென் டிரைவை எடுங்கள். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள், அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும். கணினியை மறுபடி தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் ஒரு விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திரை வந்துவிடும். அங்கே இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாத வரை உங்கள் விண்டோஸ் அப்படியேதான் இருக்கும்.

வைஃபை, ஒலி, கேமரா, புளூடூத், டச்பேட், பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்தால் ஒழுங்காக விழிக்கிறதா என்பதையும் பாருங்கள், பலர் இதை மறந்துவிட்டு அப்புறம் அவதிப்படுகிறார்கள். வேகத்தை மட்டும் இதை வைத்து எடை போடாதீர்கள், பென் டிரைவிலிருந்து ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பிராட்காம் சில்லு உள்ள சில லேப்டாப்களுக்குத் தனி டிரைவர் தேவை. செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அது தேடித் தரும்.

கேள்வி: ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் உங்கள் கோப்புகளை வெளி டிரைவில் நகல் எடுங்கள். எடுத்த பிறகு வேறொரு கணினியில் அந்த டிரைவைச் செருகிச் சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள், திறக்காத நகலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. அதன் மீட்புக் குறியீடு பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளாமல் டிஸ்க்கில் கை வைக்கவே கூடாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகலாம். டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்துவிடுங்கள்.

இரண்டும் வந்த பிறகு விண்டோஸில் கடிகாரம் தப்பாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? என்னிடம் பாமினி எழுத்துருவில் நிறையப் பழைய கோப்புகள் இருக்கின்றன.

பதில்: தாராளமாக. ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் கிடைக்கும். பாமினி கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து நிறுவினால் முன்பு போலவே தெரியும். ஆனால் அவற்றை ஒரேயடியாக எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பாமினியில் இருப்பது அடியில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு இல்லாத இடத்தில் உங்கள் எழுத்து வெறும் குப்பையாகத் தெரியும், கோப்புக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடவும் முடியாது. எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: இலவசமாகத் தருகிறார்களே, பின்னால் பணம் கேட்பார்களா?

பதில்: கேட்க மாட்டார்கள். கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் தங்கள் சர்வர்களும் சாதனங்களும் அதில் ஓடுவதால் சம்பளம் கொடுத்துப் பொறியாளர்களை அதில் வேலை செய்ய வைக்கின்றன. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே லினக்ஸ் கெர்னலைப் பயன்படுத்துகிறீர்கள். மின்ட் குழு நன்கொடையிலும் ஆதரவாளர்களின் உதவியிலும் நடக்கிறது. முடிந்தபோது கொஞ்சம் கொடுங்கள், பணம் இல்லையென்றால் மெனுக்களைத் தமிழாக்கிக் கொடுங்கள், அதற்கு ஆள் எப்போதும் தேவை.

கேள்வி: ஆன்ட்டிவைரஸ் வேண்டுமா?

பதில்: வீட்டுக்கு வேண்டாம். மென்பொருட்களை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும் எடுங்கள், யாரோ எங்கேயோ எழுதிய கட்டளையைப் புரியாமல் ஒட்டி பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். மோசடி மின்னஞ்சலுக்கு மட்டும் விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதம் கிடையாது.

கேள்வி: என் பையன் கேம் ஆடுவான்.

பதில்: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் உள்ள விண்டோஸ் கேம்கள் நிறைய இப்போது புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓடுகின்றன. வேலரண்ட் என்ற கேம் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடி ஆழத்தில் வேலை செய்கிறது. அவன் ஆடுவது அந்த மாதிரி என்றால் அவனுடைய கணினியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவரால் சமாளிக்க முடியுமா?

பதில்: என் கணிப்பில் லினக்ஸ் மிகவும் பொருந்துவது அவரைப் போன்றவர்களுக்குத்தான். செய்தி படிப்பார், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவார், அஞ்சல் பார்ப்பார், படம் பார்ப்பார், பெரும்பாலும் பிரவுசரிலேயே முடிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கி, அவர் தொடும் நான்கைந்து ஐகான்களை விண்டோஸில் இருந்த அதே இடத்தில் வைத்துக் கொடுங்கள். அப்டேட் மேனேஜரில் தானியங்கிப் புதுப்பிப்பையும், இயங்குதளத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டையும் இயக்கிவிடுங்கள், ஒரு புதுப்பிப்பில் ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது இயங்குதளத்தை மட்டும்தான், இயல்பாக அவருடைய புகைப்படங்களைத் தொடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு வெளி டிரைவ் வாங்கி, அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நீங்களே நகல் எடுத்து வாருங்கள்.