பாதிச் சோற்றோடு எழுந்து போன மகள்

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருநங்கையைக் கேலி செய்யும் காட்சி வந்ததும் என் கணவர் சிரித்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன்னைத் திருநங்கை என்று எங்களிடம் சொன்ன என் மகள், பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டாள். ‘சினிமாதானே’ என்றேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. திருநங்கையரை நல்லவிதமாகக் காட்டும் படங்களிலும் அவள் குறை சொல்கிறாள். ஓரினச் சேர்க்கையாளர்களோடு பேரணிக்கும் போகிறாள். அவர்களும் இவளும் ஒன்றா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘மகன்’ என்று எழுதி, அதை அடித்து, மேலே ‘மகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சில் அது தெரியாது. அந்த அடித்தல்களைப் பார்த்த பிறகுதான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

தமிழ்ப் படங்களில் பல ஆண்டுகளாகத் திருநங்கை வந்ததே நகைச்சுவை நடிகர் அலறி ஓடுவதற்காகத்தான். ‘ஒன்பது’ என்று சொன்னாலே அரங்கம் சிரிக்கும் என்பது வசனம் எழுதியவர்களுக்குத் தெரியும். அதே எண்ணை உங்கள் மகள் பள்ளிக்கூட வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் கேட்டே வளர்ந்திருப்பாள். திரையில் வந்த கேலி அவளுக்குப் பழகிப்போனது. தன் அப்பாவின் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நல்ல படங்களிலும் ஏன் குறை காண்கிறாள் என்று கேட்கிறீர்கள். 2019-இல் வந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில், வீட்டைவிட்டுப் போன கணவன் ஷில்பா என்ற பெண்ணாகத் திரும்பி வருகிறாள். அவளுடைய மகனான சிறுவன் ராசுக்குட்டி அவளிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறான். அந்த வேடத்துக்காக விஜய் சேதுபதிக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் அதே ஷில்பா, மும்பையில் குழந்தைகளைப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலிடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் இடத்தைத் திருநங்கையர் பலர் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது என்பேன். ‘பிள்ளை பிடிப்பவர்கள்’ என்பது திருநங்கையர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்படும் பழி. அந்த வதந்தியை நம்பிய ஒரு கூட்டம், படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான், 2018 மே மாதத்தில், ஹைதராபாத்தில் ஒரு திருநங்கையை அடித்தே கொன்றது. 1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்திலோ, கலவரத்தில் தொலைந்துபோன குழந்தைக்கு அடைக்கலம் தருபவரே ஒரு திருநங்கைதான். சில நிமிடங்களே வந்தாலும் அந்தப் பாத்திரம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

யார் நடிக்கிறார்கள் என்பதும் அவளுக்கு முக்கியமாக இருக்கும். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய ‘நான் வித்யா’ என்ற தன்வரலாறு, கன்னடத்தில் ‘நானு அவனல்ல... அவளு’ என்ற படமாக 2015-இல் வெளியானது, லிங்கதேவரு இயக்கினார். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மிக நேர்மையான நடிப்பு அது, மறுக்கவில்லை. ஆயினும், புடவையில் அழுத நாயகியை மறுநாள் செய்தித்தாளில் சட்டை அணிந்த ஆணாகப் பார்க்கும் ரசிகரின் மனத்தில், இதெல்லாம் ஒரு வேடம்தான் என்ற எண்ணம் மெல்ல ஊன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தோடுதான் அக்கம்பக்கத்தார் உங்கள் மகளையும் பார்க்கிறார்கள். திருநங்கை பாத்திரத்தில் திருநங்கையே நடிக்க முடியும் என்பதற்கு 2011-இல் ‘நர்த்தகி’யில் நடித்த கல்கி சுப்ரமணியமும், 2019-இல் ‘பேரன்பு’ படத்தில் மம்மூட்டியுடன் நடித்த அஞ்சலி அமீரும் சான்று. பெண்ணாகப் பிறந்து தம்மை ஆணாக உணரும் திருநம்பிகளுக்கு இந்த அளவு இடம்கூட நம் திரையில் கிடைக்கவில்லை.

பேரணியைப் பற்றிக் கேட்டீர்கள். தான் யார் என்பது உங்கள் மகளின் கேள்வி. யாரிடம் காதல் கொள்கிறோம் என்பது தன்பாலீர்ப்பாளர்களின் கேள்வி. இரண்டும் வேறுதான். (‘ஓரினச் சேர்க்கையாளர்’ என்ற சொல் உடலுறவை மட்டுமே குறிப்பதாக இருப்பதால் அவர்களில் பலர் அதை விரும்புவதில்லை.) ஆனால் இருவரையும் மிரட்டக் காவலர்கள் கையில் வைத்திருந்தது ‘இயற்கைக்கு மாறான உறவு’ என்று சொல்லித் தண்டித்த ஒரே 377-ஆம் சட்டப்பிரிவைத்தான். பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. வயது வந்தோர் மனம் ஒப்பி உறவுகொள்வது குற்றமாகாது என்று 2018-இல் தீர்ப்பளித்தது. இந்த ஊரில் 2008 முதல் நடக்கும் பேரணி அந்தக் கூட்டுப் போராட்டத்தின் ஒரு பகுதி. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து பெங்களூருவில் பணியாற்றிய திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியின் தன்வரலாற்றை நீங்கள் வாசித்தால், உங்கள் மகள் பேரணிக்கு யாரைத் தேடிப் போகிறாள் என்பது விளங்கும்.

சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உங்கள் கணவர்; அவருக்குப் பதிலாக நீங்கள் கேட்காதீர்கள். ‘சினிமாதானே’ என்று சொன்னதற்கு மட்டும் நீங்கள் கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம் பார்ப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். பாதியில் அவள் மறுபடி எழுந்து போனால், இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் அவள் அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.